மாங்காட்டுத் தங்கைக்கு, ஆணி அடிக்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மாங்காட்டுப் புது வீட்டில் கூடத்துச் சுவர் வெறிச்சென்று இருக்கிறது, செட்டிநாட்டு வீடுகளில் பார்த்த மாதிரி பழைய மரச்சட்டம் போட்ட ரவிவர்மா படங்களை மாட்ட ஆசை என்று எழுதியிருக்கிறாய். எங்கே கிடைக்கும், என்ன விலை, ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள்விமேல் கேள்வி. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எந்தப் படம் வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, பெண்ணே! அன்னத்தோடு நிற்கும் தமயந்தியா, காலில் முள் குத்தியதுபோல் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையா, வீணையோடு இருக்கும் சரஸ்வதியா? தினமும் காலையில் எழுந்ததும் யார் முகத்தைப் பார்க்கப் போகிறாய் என்று முடிவு செய்யாமல் விலையைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

முதலில் அந்த ‘ஒரிஜினல்’ விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் அது உன்னைத் தூங்க விடாது.

ரவிவர்மா கிளிமானூரில் 1848-ல் பிறந்து 1906-ல் மறைந்தவர். எண்ணெய் வண்ணத்தில் துணிமேல் தீட்டிய அவருடைய மூல ஓவியங்கள் திருவிதாங்கூர், மைசூர், பரோடா அரண்மனைகளுக்குப் போயின. 1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், தலையில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்ததற்காகத் தங்கப் பதக்கம் வாங்கினார். அந்த ஓவியங்கள் உனக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே போய்ப் பார்க்கத்தான் முடியும்.

நம் வீடுகளுக்கு வந்தவை வேறு. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ்தான், படங்களை அச்சில் போட்டால் ஊரெல்லாம் போய்ச் சேருமே என்று ரவிவர்மாவுக்கு எடுத்துச் சொன்னவர். பத்து வருஷம் கழித்து, 1894-ல், ரவிவர்மாவும் தம்பி ராஜராஜவர்மாவும் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார்கள். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. அப்புறம் லட்சுமி, சரஸ்வதி, மேனகை, மோகினி என்று வரிசையாக வந்தன. பிறகு அச்சகம் லோனாவ்லா பக்கம் இடம் மாறியது. சில வருஷங்களிலேயே கடன் சுமை தாங்காமல், அங்கே தொழில்நுட்பம் பார்த்துக்கொண்டிருந்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அவர் காலத்திலும், அதற்குப் பிறகும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1972-ல் ஒரு தீவிபத்தில் அச்சகம் எரிந்துபோனது.

ஆக, உன் கையில் கிடைக்கப்போவது எதுவானாலும் அச்சுப்படம்தான். அச்சுப்படம் என்றதும் முகத்தைச் சுளிக்காதே. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சுண்ணாம்புக் கல்லை மழமழவென்று தேய்த்து, அதன்மேல் அந்த ஒரு நிறத்துக்கான பகுதிகளை மட்டும் கையால் வரைந்து, மை ஏற்றி, காகிதத்தை அதன்மேல் அழுத்தி எடுக்க வேண்டும். அடுத்த நிறத்துக்கு அடுத்த கல், அதே காகிதம், மயிரிழை விலகாமல். சேலைக் கரைக்கு ஒன்று, கன்னத்துச் சிவப்புக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று ஒரே படம் பல கற்களில் ஏறி இறங்கி வரும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்க வார்னிஷ் பூசுவார்கள். சில படங்களில் துணி இழை தெரிவதுபோல் அழுத்தமும் கொடுப்பார்கள். இத்தனை கைகள் உழைத்த பொருளை ‘வெறும் காப்பி’ என்று சொல்ல எனக்கு மனசு வராது. அரண்மனைச் சுவரைப் பார்க்க வழியில்லாத குடும்பங்களும், கோயில் வாசலுக்கு உள்ளே விடப்படாத குடும்பங்களும் தங்கள் வீட்டுக்குள் சாமி முகத்தைக் கொண்டுவர முடிந்தது இந்தக் காகிதத்தால்தான்.

‘சரி அக்கா, அந்தக் காலத்து அச்சா, போன மாதம் பிரிண்டரில் எடுத்ததா என்று எப்படித் தெரியும்?’ இதற்கு நிபுணர் வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி போதும். அதுவும் இல்லையென்றால் கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிக்கொள். முகத்தை விட்டுவிட்டு உதட்டோரம், சேலைக் கரை, விரல் நுனி இங்கெல்லாம் பார். சின்னச் சின்னப் புள்ளிகள் ஒழுங்காக வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட் அச்சு, பிற்காலத்தது. தூவின மாதிரி மிக நுண்ணிய துளிகள் என்றால் இன்றைய இங்க்ஜெட். புள்ளிகளும் கோடுகளும் ஒழுங்கில்லாமல் கையால் இட்டதுபோல் இருந்து, ஏதோ ஓரிடத்தில் சிவப்பு தன் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் விலகியிருந்தால் அது கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தின் அடியில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் பல படங்களில் சட்டத்துக்குள் பொருத்துவதற்காக அந்த ஓரத்தை வெட்டியிருப்பார்கள். ஆகவே பெயர் இல்லை என்பதற்காகப் படத்தை ஒதுக்காதே. பெயர் இருக்கிறது என்பதற்காக நம்பியும் விடாதே, அதையும் சேர்த்துத்தான் இப்போது அச்சடிக்கிறார்கள். ரவிவர்மா அச்சகம் மட்டும்தான் அன்று இருந்தது என்றும் எண்ணிவிடாதே. புனேயில் சித்ரசாலா, கல்கத்தாவில் ஆர்ட் ஸ்டூடியோ, இரண்டும் அதற்கு முந்தியவை. ஜெர்மனியிலேயே அச்சாகி இங்கே வந்திறங்கிய சாமி படங்களும் உண்டு.

நீ ஏமாறப்போகிற இடம் சட்டம். உன்னை எனக்குத் தெரியாதா? பழைய பர்மாத் தேக்குச் சட்டத்தைப் பார்த்ததும் உருகிவிடுவாய். வீடு இடிக்கும்போது கழற்றிய பழைய சட்டத்துக்குள் நேற்று எடுத்த பிரிண்ட்டை வைத்து, மஞ்சள் பூக்கிற மாதிரி தேநீர்ச் சாயம் தடவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் சட்டத்தைத் திருப்பிக் காட்டச் சொல். பின்பலகை, ஆணி, ஆணியைச் சுற்றின துருக்கறை, ஒட்டின காகிதம் எல்லாம் ஒரே வயதாகத் தெரிகின்றனவா என்று பார். துருக்கறை படிந்த பலகையில் புத்தம் புது ஆணி மின்னினால் காரணம் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. காய்கறிக்காரரிடம் நீ பேரம் பேசும் அழகை நான் பார்த்திருக்கிறேன், அதில் பாதி போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போ, பார்க்கவேண்டிய தெருதான். அங்கே ஜரிகையும் துணியும் சம்கியும் வைத்துத் தைத்த படங்கள் கண்ணில் படலாம். வீட்டுப் பெண்கள் அச்சுப்படத்தில் லட்சுமியின் சேலைமேல் நிஜ ஜரிகையை ஒட்டி, நகைக்கு மணி கோத்துப் பதித்தவை அவை. ஒரே அச்சிலிருந்து வந்த ஆயிரம் லட்சுமிகளில் அந்த ஒருத்தியை மட்டும் தனியாக்கிவிட்டாள் யாரோ ஒரு பெண். எனக்கு அப்படிப்பட்டவைதான் மிகவும் பிடிக்கும். அதை வாங்கினால் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ஜரிகையைப் பிரித்துவிடாதே, மன்னிக்கமாட்டேன்.

இன்னொன்று. கையில் விளக்கேந்தி, வெளிச்சம் முகத்தில் பட நிற்கும் பெண்ணின் படத்தை ‘ரவிவர்மா’ என்று சொல்லி உன்னிடம் விற்பார்கள். நீயும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்வாய். அது ரவிவர்மா இல்லை. பம்பாயில் வாழ்ந்த எஸ். எல். ஹல்தங்கர் 1940-களில் தன் மகளை நிற்கவைத்து நீர்வண்ணத்தில் தீட்டியது. மூலம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவிவர்மா மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின் வந்த படம். மிக அழகான படம், தாராளமாக மாட்டு. வரைந்தவரின் பெயரைச் சரியாகச் சொல், அவ்வளவுதான்.

இப்போது நீ ஒரு சண்டைக்கு வருவாய் என்று எனக்குத் தெரியும். ‘ரவிவர்மா எல்லாரையும் வெள்ளை வெளேரென்று வரைந்துவிட்டாரே, நம் ஊர்ப் பெண்களின் நிறம் எங்கே, எல்லாம் நாடக மேடை மாதிரி இருக்கிறதே?’ நியாயமான கேள்விதான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியே அந்தப் படங்கள் நாடகத்தனமானவை என்று நூறு வருஷத்துக்கு முன் கடுமையாக எழுதினார். நம் வீட்டுப் பூஜையறைகளில் தெய்வம் என்றால் சிவந்த நிறம், மெல்லிய மூக்கு என்று பழகிப்போனதில் இந்த அச்சுப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் மாட்டேன். முள் குத்தியதாகப் பாவனை செய்துகொண்டு பின்னால் திரும்பும் சகுந்தலையின் கழுத்துத் திருப்பத்தைப் பார். தோழிகளுக்குத் தெரியாமல் ஒரு பார்வை பார்க்கவேண்டும் என்ற தவிப்பு அந்தக் கழுத்தில் இருக்கிறது. அதை வரையக் கை வேண்டும்.

உனக்கு நம் பக்கத்து மண்வாசனைதான் வேண்டும் என்றால் கோவில்பட்டிக்குத் திரும்பு. சி. கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்து, பின் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். அவை சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக வீடு வீடாகப் போயின. அவருடைய மீனாட்சி கல்யாணத்தையும் முருகனையும் நீ குழந்தையாக இருந்தபோதே பார்த்திருப்பாய், யார் வரைந்தது என்று தெரியாமலே. 1976-ல் அவர் மறைந்தார். ரவிவர்மா படத்துக்குத் தெருத்தெருவாக அலைகிறவர்கள் கொண்டையராஜு படத்தைப் பழைய காலண்டர் என்று எடைக்குப் போடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் இந்த விஷயத்தில் இல்லை. இன்னும் மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கி, நல்ல சட்டம் போட்டு, கூடத்தின் நடுவில் மாட்டு.

உன் வீட்டுக்காரர் மோனாலிசா வேண்டும் என்கிறாராமே. இருக்கட்டும். ஆனால் சோபா நீளத்துக்கு அச்சடிக்கச் சொல்லாதீர்கள். பாரிசில் இருக்கும் மூலம் உயரம் 77 செ.மீ., அகலம் 53 செ.மீ. மட்டுமே. அதே அளவில் உங்கள் சுவரில் அது சரியாக அமரும். நான்கடிக்கு இழுத்தால் அந்த முகத்தின் மென்மை எல்லாம் போய் விளம்பரப் பலகை ஆகிவிடும். இன்னொரு பக்கம், லியொனார்தோவின் கடைசி இராவுணவை எடுத்துக்கொள். மிலான் மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் சுமார் எட்டே முக்கால் மீட்டர் அகலத்தில் வரைந்தது. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுகிறார்களே, அது மிகச் சரியான இடம். எந்தப் படமானாலும் மூலத்தின் அளவை ஒருமுறை தெரிந்துகொண்டு வாங்கு. மூலத்தைவிடப் பெரிதாக்கியது பெரும்பாலும் கண்ணை உறுத்தும், சிறிதாக்கியது அவ்வளவாக உறுத்தாது.

புது அச்சு வாங்கக்கூடாதா என்று கேட்பாய். தாராளமாக வாங்கலாம். ரவிவர்மா மறைந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது, காப்புரிமை எதுவும் இல்லை. நல்ல தாளில் நல்ல மையில் எடுத்த புது அச்சு, கறையான் தின்ற பழைய அச்சைவிட எத்தனையோ மேல். புதிதைப் புதிது என்ற விலைக்கு வாங்கு. பழசு என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதே. உன்னோடு பல வருஷம் இருக்கப்போவது படம்தான். அதன் வயதை இரண்டாம் நாளே மறந்துவிடுவாய்.

மாமியாரின் ஆட்சேபணைக்கு வருகிறேன். சாமி படத்தைக் கூடத்தில் அலங்காரத்துக்கு மாட்டலாமா என்று கேட்கிறார். அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மாங்காட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐந்து நெருப்புக்கு நடுவே ஒற்றைக் காலில் தவமிருக்கும் காமாட்சியின் படம் சன்னதித் தெருக் கடைகளில் எல்லா அளவிலும் தொங்குகிற ஊர் அது. செட்டிநாட்டு வீடுகளில் தெய்வமும் முன்னோரும் கூடத்துச் சுவரில்தான் சேர்ந்து இருந்தார்கள், அது மரியாதைக் குறைவாக யாருக்கும் படவில்லை. செருப்பு அலமாரிக்கு மேலே மட்டும் மாட்டாதே. பூ வைக்க அவர் ஆசைப்பட்டால் வைக்கட்டும். ஈரப் பூச்சரம் சட்டத்தைத் தொடாமல், தனியே ஒரு கொக்கியில் தொங்கட்டும். குங்குமத்தைக் குழைத்துக் கண்ணாடியில் இடுவதை மட்டும் பக்குவமாகத் தடுத்துவிடு. வழிகிற ஈரம் சட்டத்தின் இடுக்கில் இறங்கிக் காகிதத்தைத் தொட்டால் கறை போகவே போகாது. மாங்காட்டுக் கோயிலிலேயே மூலிகைகளால் ஆன அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்துக்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனை மட்டும்தான் என்று அவரிடம் சொல், உடனே புரிந்துகொள்வார்.

ஈரம் என்றதும் உன்னைக் கொஞ்சம் திட்டவேண்டியிருக்கிறது. நீ அனுப்பின புகைப்படத்தில், படம் மாட்ட வைத்திருக்கும் சுவர் வெளிச்சுவர். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர், புதுக் கட்டடம், பூச்சு இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் உள்ளே ஈரம் கக்கும். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பழைய அச்சு அந்த ஈரத்தில் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகத்தோடு உரிந்து வரும். ஆகவே உள்சுவரைத் தேர்ந்தெடு. நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், நிறம் வெளுக்கும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டு, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும்.

பிரேம் கடைக்குப் போகும்போதும் கூடவே நில். மவுண்ட் அட்டை அமிலம் இல்லாததாக இருக்கவேண்டும் என்று சொல். மலிவான பழுப்பு அட்டையை வைத்தால் சில வருஷத்தில் படத்தின் ஓரமெல்லாம் அதே பழுப்பு ஏறும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அந்த மவுண்ட் இடைவெளி கட்டாயம் வேண்டும். ‘லேமினேஷன் பண்ணிடலாம்மா, நூறு வருஷம் வரும்’ என்பார்கள். பண்ணாதே. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கைக்காரராலும் அதைப் பிரித்து எடுக்க முடியாது, அந்தப் படத்தின் கதை அன்றோடு முடிந்தது. பழைய பின்பலகையையும் அதில் ஒட்டிய செய்தித்தாளையும் பிரேம்காரர் தூக்கிப்போடாமல் பார்த்துக்கொள். அந்தச் செய்தித்தாளின் தேதியும், சட்டம் போட்ட கடையின் சீட்டும்தான் உன் படத்தின் ஜாதகம். ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்து.

எத்தனை படம் என்று கேட்டிருந்தாய். கூடத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. செட்டிநாட்டு வீட்டின் சுவர் நீளமும் உயரமும் வேறு, உன் அடுக்ககத்துக் கூடம் வேறு. அங்கே உத்தரத்துக்குக் கீழே சற்றுக் குனிந்தாற்போல் வரிசையாகத் தொங்கினவற்றை ஒன்பதரை அடிக் கூரைக்குக் கீழே திணித்தால் மூச்சு முட்டும். நீ நின்றால் கண் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் மாட்டு.

கடைசியாக, எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. காரைக்குடிக்குப் போகும் முன், கடைகளில் விசாரிக்கும் முன், உன் அப்பாவின் ஊர் வீட்டுப் பரணைப் பார்த்தாயா? தாத்தா காலத்துச் சட்டங்கள் அங்கே சாக்கில் சுற்றிக் கிடக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடி உடைந்த சாமி படம் வீட்டில் இருக்கக்கூடாது என்று நம் ஆட்கள் அதைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அரசமரத்தடியில் மழையில் நனைந்து கிடக்கிற சட்டங்களை நீயே எத்தனையோ தடவை கடந்து போயிருப்பாய். உடைந்தது கண்ணாடி. அதை மாற்ற ஒரு பிரேம் கடைக்கு அரை மணி நேரம் போதும். பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல், எரிச்சல்படாமல் சொல். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் இவை பெரும்பாலும் வெளியே போகும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பரணில் ஏறிப் பார். ஏதாவது கிடைத்தால் துடைக்காமல், பிரிக்காமல், முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதுவரை அந்த வெளிச்சுவரில் ஆணி அடிக்காதே.

அன்புடன்,
உன் அக்கா